உதைக்கிற அரை மணி நேரம்

"இன்னும் கொஞ்சம் விரட்டி ஓட்ட முடியாதா, கேப்டன்?"

கேப்டன் எவேலியோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஓடுதளத்தைப் பார்த்த ஜன்னலில் மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. லா செய்பாவில் நவம்பர் மாதம் மழை பெய்யாவிட்டால்தான் செய்தி.

"எதை விரட்டறது? மாட்டு வண்டியா, வாலை முறுக்கிவிட? இங்கேர்ந்து தெகுசிகால்பா நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர். நடுவுல மலை. ஏறணும், தாண்டணும், அந்தப் பக்கம் இறங்கணும். அங்க தொன்கொன்தின் விமான நிலையத்து ஓடுதளம் எவ்வளவு குட்டைன்னு உங்களுக்கே தெரியும். ஊரைச் சுத்தி வளைஞ்சுதான் இறக்க முடியும். நாப்பத்தஞ்சு நிமிஷம். காத்து நல்லாத் தள்ளினா நாப்பது."

"முப்பது?"

"போகலாம். ஆனா மலையைத் தாண்டிப் போக மாட்டோம், மலைக்குள்ள போயிடுவோம்."

துப்பறியும் நவூன் புஸ்தியோ சட்டைப் பையிலிருந்து வயிற்றெரிச்சல் மாத்திரையை எடுத்து மென்றார். காலையிலிருந்து இது நாலாவது.

"எங்க தலைவர் கூச்சப்படறார், கேப்டன்" என்றாள் அவருடைய உதவியாளர் நோல்வியா. "அவருக்கு உண்மையில வேண்டியது பதினஞ்சு நிமிஷம். எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, கட்டிட்டு வாங்கிட்டுப் போறோம்."

கேப்டன் சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பதினஞ்சா? ஜெட் வெச்சிருக்கிற பணக்காரன்கூட ஏறி இறங்கவே அதைவிட அதிகம் எடுத்துக்குவான். ஹெலிகாப்டர் இன்னும் மெதுவு. யாரை எங்க கொண்டுபோகணும் உங்களுக்கு?"

"ஒரு கொலைகாரனை" என்றார் நவூன், எரிச்சலுடன். "சனிக்கிழமை மத்தியானம். கொண்டுபோகணும்னு இல்லை. அவனே போயிட்டான். எப்படிப் போனான்னுதான் தெரியலை."

விஷயம் இதுதான். சனிக்கிழமை மதியம் தெகுசிகால்பாவில், உறைந்த இறால் வியாபாரம் செய்கிற, எல்லோரும் மரியாதையாகத் 'தோன்' போட்டு அழைக்கிற எலிசேயோ காலிக்ஸ் தன் வீட்டுக் கூடத்தில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். பன்னிரண்டே காலுக்குத் தன் தங்கையிடம் போனில் பேசியிருக்கிறார். ஒரு மணிக்குச் சந்தையிலிருந்து திரும்பிய சமையல்காரி உடலைப் பார்த்து அலறியிருக்கிறாள். வீட்டு வெளிக்கதவின் சாவி, சந்தைக்குப் போயிருந்த சமையல்காரியையும் ஊருக்குப் போயிருந்த மனைவியையும் விட்டால், வெளியாட்கள் இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒருவன் டிரைவர் யோவானி. இன்னொருவன் தொழில் கூட்டாளி ஒஸ்மின் புவேசோ.

யோவானி முதல் நாள்தான் முதலாளியோடு சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தான். கொலை நடந்த நேரத்தில் வீட்டில் தூங்கினேன் என்கிறான். தூங்குகிறவனுக்கு யார் சாட்சி? போலீசுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை, அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று வியாழன். நாலு மணிக்கு நீதிபதி கையெழுத்துப் போட்டால் பெரிய சிறைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே உள்ளே போனவன் விசாரணை என்று ஒன்றைப் பார்க்கவே இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை உயிரோடு இருந்தால்.

யோவானிக்கு இருபத்திரண்டு வயது. நோல்வியாவின் ஒரே தம்பி.

நவூனுக்குச் சந்தேகம் முழுக்கப் புவேசோ மேல்தான். எலிசேயோ அவனைத் தொழிலிலிருந்து திங்கட்கிழமையோடு கழற்றிவிட இருந்தார் என்பது இறால் மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் புவேசோ அன்று லா செய்பாவில் இருந்தான். அதற்கு அத்தாட்சி, செத்தவரின் போனிலேயே இருந்தது. சரியாகப் பன்னிரண்டு பத்துக்கு அவன் அனுப்பிய குரல் செய்தி.

பன்னிரண்டு பத்துக்கு லா செய்பா. அங்கிருந்து விமான நிலையம் போகக் கால் மணி நேரம். பறக்க முக்கால் மணி நேரம். இறங்கி எலிசேயோ வீட்டுக்குப் போக இருபது நிமிடம். எப்படிக் கூட்டினாலும் ஒன்றரை மணிதான் வருகிறது. ஒரு மணிக்கே பிணம் கிடைத்துவிட்டது. அரை மணி நேரம் உதைக்கிறது. அந்த அரை மணி நேரத்தைக் குறைக்கத்தான் நவூன் விடிந்ததும் விமானம் ஏறி இங்கே வந்தார். பார்த்த ஒவ்வொரு ஆளும் அதை இன்னும் கெட்டியாக ஆணியடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

* * *

"என் பொண்ணோட ஞானத்தகப்பனைப் பாத்துக் கொலைகாரன்னு சொல்றீங்களே, நாக்கு அழுகிடாது?"

இது லஸ்தேனியா. அவளுடைய மகளின் பள்ளிப் பட்டமளிப்பு விழாவுக்குத்தான் புவேசோ வந்திருந்தான். பள்ளி மண்டபத்தின் வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே சனிக்கிழமை கட்டிய பலூன்கள் பாதி காற்றுப் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன.

"நாங்க யாரையும் சொல்லலை" என்றார் நவூன். "அவரை எப்போ பாத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"பத்தரை மணிக்கு இதே வாசல்ல வந்து என்னைக் கட்டிப்பிடிச்சார். பொண்ணுக்குத் தங்கச் சங்கிலி போட்டார். மூணு மணிக்கு எங்க வீட்டு விருந்துல எனக்கு எதிர்ல உக்காந்து ரெண்டு தட்டு சாப்பிட்டார். போதுமா?"

"நடுவுல?"

"நடுவுல இங்கதான் இருந்தார்."

"நீங்க பாத்தீங்களா?"

"நானூறு பேர் மண்டபத்துல இருக்காங்க. மேடையில என் பொண்ணு நிக்கறா. நான் அவளைப் பாப்பேனா, அவரைப் பாப்பேனா?" லஸ்தேனியா குடையை ஆட்டினாள். நவூன் முகத்தில் தண்ணீர் தெறித்தது. "அதான் அந்த மெசேஜ்ல இருக்கே! கைதட்டல் கேக்குதே!"

நவூன் போனை எடுத்து, ஐம்பதாவது தடவையாக அந்தச் செய்தியைப் போட்டார்.

"எலிசேயோ, நான் செய்பாவுல பட்டமளிப்பு விழாவுல இருக்கேன். கைதட்டல் கேக்குதா? திங்கக்கிழமை வந்து பேசிக்கலாம்." பின்னால் படபடவென்று கைதட்டல். டிக், டிக், டிக் என்று கேமரா அடிக்கிற சத்தம். கடைசியில் ஒரு பெண் குரல், காது கிழிகிற உச்சத்தில்: "மகிமை! ஆண்டவருக்கே மகிமை!" அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

"பாத்தீங்களா?" லஸ்தேனியாவின் முகத்தில் வெற்றி. "பதினொன்றரையிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் ஒவ்வொரு பிள்ளையாக் கூப்பிட்டுக் குடுத்தாங்க. கைதட்டித் தட்டி எங்களுக்குக் கையே வீங்கிருச்சு. அந்த மகிமை சத்தம் என் நாத்தனாராத்தான் இருக்கும். அவ எதுக்கெடுத்தாலும் கத்துவா."

நோல்வியா திரும்பி நடக்கும்போது மெதுவாகச் சொன்னாள். "தலைவரே, இந்த அம்மாவை நம்ம பக்கச் சாட்சியாக் கூட்டிட்டுப் போனா, யோவானிக்கு ஆயுள் தண்டனையே வாங்கிக் குடுத்துரும்."

* * *

ஒன்றரை மணி விமானம் மழையால் தள்ளிப் போயிற்று. எவ்வளவு தள்ளிப் போயிற்று என்று கேட்டால், கவுன்ட்டரில் இருந்த பெண் வானத்தைக் காட்டினாள்.

விமான நிலையத்துக் கடையில் இரண்டு பலேயாதா ரொட்டி வாங்கிக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். நவூன் உள்ளே வைத்திருந்த பீன்ஸ் மசியலை வழித்து ஒதுக்கினார். அவர் ஒரு காகித நாப்கினில் மறுபடியும் கணக்குப் போட்டார். பதினைந்து, நாற்பத்தைந்து, இருபது. கூட்டினார். அடித்தார். நாற்பது என்று எழுதிப் பார்த்தார். அப்போதும் இடித்தது. நாப்கினைக் கசக்கி எறிந்தார்.

"பயணிகள் பேரைப் பாத்தாச்சு. சனிக்கிழமை எந்த விமானத்துலயும் புவேசோன்னு ஒருத்தன் இல்லை. தனி விமானம் எதுவும் மத்தியானத்துல கிளம்பலை. போன் கம்பெனியில அவன் எங்கேர்ந்து பேசினான்னு கேட்டா, பதில் கிறிஸ்மஸுக்கு அப்புறம் வருமாம். பஸ்ஸுல ஏழு மணி நேரம். இவன் என்ன, சூனியக்காரி மாதிரி துடைப்பத்துல ஏறியா போனான்?"

"துடைப்பத்துக்கும் நாப்பத்தஞ்சு நிமிஷம்தான் தலைவரே. மலையைச் சுத்தித்தானே போகணும்."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை என்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார். நோல்வியா கையிலிருந்த பலேயாதாவை ஒரு கடிகூடக் கடிக்காமல் மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன நினைக்கறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"நான் ஒண்ணும் நினைக்கலை."

"நினைக்கறீங்க. ஒருவேளை யோவானியே பண்ணியிருப்பானோன்னு. காலையிலேர்ந்து என் மூஞ்சியை நேராப் பாக்க மாட்டேங்கறீங்க."

நவூனுக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அது உண்மை. புவேசோ மேல் சந்தேகம் வந்தது மூக்கு வேர்த்ததால்தான், கையில் ஒன்றும் இல்லை. கணக்கு திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லும்போது, கணக்கு சரி, நாம்தான் தப்பு என்று நினைப்பதுதானே முறை?

"அவன் கோவக்காரன்தான் தலைவரே. வாய் நீளும். ஆனா கை நீளாது. சின்ன வயசுல நான் அடிச்சா, திருப்பி அடிக்க ஓங்குவான், அப்புறம் சுவத்துல போய்க் குத்திட்டு அழுவான். அவனை அந்த ஜெயிலுக்கு அனுப்பினா..." மூக்கை உறிஞ்சினாள். "ஏதாவது செய்ங்க. நிமிஷத்தைக் குறைக்க முடியலைன்னா மலையையாவது குறைங்க."

ஒலிபெருக்கி கரகரத்தது. விமானம் கிளம்பப் போகிறதாம். அப்போது மணி இரண்டு இருபது.

* * *

பயணம் முழுக்க நவூன் ஜன்னல் கண்ணாடியில் விரலால் நிமிடங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். நாற்பது பேர் உட்காரக்கூடிய குட்டி விமானம், மேகத்துக்குள் பஞ்சு மில்லில் மாட்டிக்கொண்ட மாதிரி உதறியது. பக்கத்தில் நோல்வியா கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது.

பிறகு மேகம் விலகி, ஊர் தெரிந்தது. விமானம் மலைச்சரிவை ஒட்டி ஒருச்சாய்ந்து திரும்பியது. இறக்கைக்குக் கீழே யாரோ மொட்டை மாடியில் துணி காயப்போட்டிருந்த கொடி, அதில் இருந்த சிவப்புச் சட்டைவரை தெரிந்தது. நெடுஞ்சாலை கண்ணுக்குக் கீழே ஓடி மறைந்தது. டமால் என்று சக்கரம் தரையில் மோத, எல்லோரும் முன்னால் சரிந்து, மறுபடி பின்னால் விழுந்தார்கள். விமானம் நின்றது.

உடனே எல்லோரும் கைதட்டினார்கள்.

நவூன் இந்தப் பழக்கத்தை வெறுப்பவர். பஸ் டிரைவர் கொண்டுவந்து விட்டால் கைதட்டுகிறோமா? பல் பிடுங்கினால் கைதட்டுகிறோமா? ஆனால் தொன்கொன்தின்னில் இறங்கினால் இந்த நாட்டில் குழந்தையிலிருந்து பாதிரியார்வரை கைதட்டாமல் இருக்க மாட்டார்கள். துக்கத்தில் இருந்த நோல்வியாவே கண்ணைத் திறக்காமல் தட்டிக்கொண்டிருந்தாள். விளக்கு அணைவதற்குள் எல்லோரும் இடுப்புப் பெல்ட்டை வேறு அவிழ்த்துவிட்டார்கள். டிக், டிக், டிக், டிக்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினார். "மகிமை! ஆண்டவருக்கே மகிமை!"

நவூன் இருக்கையில் நிமிர்ந்து பின்பக்கம் திரும்பினார். பக்கத்தில் நோல்வியாவின் கைகள் தட்டுகிற நடுவில் அப்படியே காற்றில் நின்றுவிட்டன. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"தலைவரே..."

"பேசாதே." அவர் போனை எடுத்து, அந்தச் செய்தியைப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டார். கைதட்டல். டிக், டிக், டிக். மகிமை. அதே வரிசை. அதே தொண்டை.

"முட்டாள்" என்றார் நவூன்.

"யாரு, நானா?"

"நான்தான்! அஞ்சு நாளா இந்தப் பயணத்தைக் குறைக்கப் பாக்கறேன். பன்னெண்டு பத்துக்கு அவன் கிளம்பவே இல்லை, நோல்வியா. வந்து இறங்கிட்டான்! பதினோரு மணிக்கு முன்னாடியே மண்டபத்துலேர்ந்து நழுவி, விமானம் ஏறி, இங்க சக்கரம் தரையைத் தொட்டதும் போனை எடுத்துப் பேசியிருக்கான். கைதட்டல் வேணும்னு அவன் எங்கயும் தேட வேண்டியதில்லை. இங்க இறங்கினா இலவசமாக் கிடைக்கும். இருபது நிமிஷத்துல எலிசேயோ வீடு. காரியத்தை முடிச்சிட்டு அடுத்த விமானத்துல திரும்பிப் போய், மூணு மணிக்கு ரெண்டு தட்டு சாப்பாடு."

நோல்வியா அவர் சொல்லி முடிக்கும்வரை இருக்கவில்லை. பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தவர்களின் கைகளுக்கு அடியில் குனிந்து பின்வரிசைக்குப் பாய்ந்திருந்தாள்.

கத்தியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பருமனான அம்மாள். தன் பெயர் டாக்டர் மிர்த்தா அந்தீனோ என்றும், பல் மருத்துவர் என்றும், இரண்டு ஊரிலும் கிளினிக் இருப்பதால் வாரத்தில் இரண்டு தடவை இந்தச் சித்திரவதையை அனுபவிக்கிறேன் என்றும், நோல்வியா கேட்காமலேயே சொன்னார். பயந்தவர்கள் தரையைத் தொட்டதும் நிறையப் பேசுவார்கள்.

"சனிக்கிழமை மத்தியானம் வந்தீங்களா டாக்டர்?"

"வந்தேனே. இதே சீட்டு. இன்னைக்கைவிட மோசமா இறக்கினான். பயத்துல முன் சீட்டுக்காரரோட சட்டைக் காலரைப் பிடிச்சுத் தொங்கிட்டேன். பாவம், நல்ல மனுஷன், ஒண்ணும் சொல்லலை."

நவூன் போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினார். "இந்த நல்ல மனுஷனா?"

"அட, இவரேதான். தோன் அபெலார்தோ. அப்படித்தானே கவுன்ட்டர்ல கூப்பிட்டாங்க."

அபெலார்தோ, புவேசோவின் அண்ணன்; அப்பா வேறு, அதனால் குடும்பப் பெயரும் வேறு. அண்ணனின் அடையாள அட்டை, தம்பியின் முகம். நவூனுக்குத் தன் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"இறங்கினதும் அவர் போன்ல பேசினாரா?"

"பேசினாரே. பட்டமளிப்பு விழாவுல இருக்கேன்னார்."

"அது உங்களுக்கு விசித்திரமாப் படலையா? யார்கிட்டயும் சொல்லலையா?"

டாக்டர் மிர்த்தா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "இதுல என்னய்யா விசித்திரம்? பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்றார்னு விட்டுட்டேன். இத்தனை வருஷம் பறக்கறேன், இறங்கினதும் போனை எடுத்து உண்மையைச் சொன்ன ஆம்பளை ஒருத்தனையும் நான் பாத்ததில்லை."

"இதை வந்து ஒருத்தர்கிட்டச் சொல்லணும் டாக்டர். இப்பவே."

"இப்பவா? கிளினிக்ல மூணு பேர் கன்னத்தைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்காங்க. நாளைக்கு வரேன்."

"நாளைக்கு வேண்டாம் டாக்டர்." நோல்வியா அவர் வழியை மறித்து நின்றாள். "இன்னைக்கு நாலு மணிக்கு ஒரு பையனை ஜெயிலுக்கு அனுப்பப் போறாங்க. அவன் ஒண்ணும் பண்ணலை. அவன் என் தம்பி."

டாக்டர் பையைத் தோளில் மாட்டினார். "பல்லு காத்திருக்கும். வா."

டாக்சிக்காரன் விமானியைவிட மோசம். வழி நெடுக டாக்டர் முன் சீட்டைக் கட்டிக்கொண்டு உரக்க ஜெபம் செய்துகொண்டே வந்தார். யாரைப் பற்றிச் சாட்சி சொல்லப் போகிறோம், எதற்கு என்று விளக்க நவூன் மூன்று முறை வாயைத் திறந்தார். ஆண்டவருக்கும் டாக்டருக்கும் நடுவில் நுழைய இடம் கிடைக்கவில்லை.

* * *

நீதிமன்ற அறைக்குள் அவர்கள் நுழைந்தபோது நீதிபதி அம்மாள் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார். கைவிலங்கோடு யோவானி ஓரத்தில் நின்றான். ஐந்து நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. முன்வரிசையில் கறுப்புச் சட்டையில் புவேசோ. எலிசேயோவின் விதவைக்குக் கைக்குட்டை கொடுத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒரு புது சாட்சி..." என்று ஆரம்பித்தார் நவூன்.

"நேரம் முடிஞ்சது. எழுத்துல குடுங்க. அடுத்த வாரம் பாக்கறேன்."

"அடுத்த வாரம் இவன் உள்ள இருப்பான்!"

"உக்காருங்க. இல்லைன்னா வெளிய போங்க."

ஐந்து நாள் அலைச்சல், ஒரு பேனா முனையில் வந்து முட்டி நின்றது. நோல்வியா அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிகிற அளவுக்கு. நீதிபதி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

அப்போது பின்னாலிருந்து, காது கிழிகிற அந்தக் குரல், மிகுந்த சந்தோஷத்துடன் கிளம்பியது.

"அட, தோன் அபெலார்தோ! நீங்க இங்கயா இருக்கீங்க! சனிக்கிழமை ப்ளேன்ல உங்க காலரைக் கிழிச்சிட்டேனோன்னு எனக்கு எவ்வளவு கவலை தெரியுமா? என்ன, கோர்ட்டு வரைக்கும் வந்திருக்கீங்க? விழாவுல இருக்கேன்னு ப்ளேன்ல உக்காந்துட்டுச் சொன்னீங்களே, அந்தப் பொய்யைப் பொண்டாட்டி கண்டுபிடிச்சிட்டாளா?"

விதவை, கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தாள், பிறகு அதைக் கொடுத்தவனைப் பார்த்தாள்.

"இந்த அம்மா யாருன்னே எனக்குத் தெரியாது" என்றான் புவேசோ. கதவுப் பக்கம் ஒரு அடி நகர்ந்தான்.

"தெரியாதா? இருபது நிமிஷம் உங்க காலரைப் பிடிச்சுட்டுத் தொங்கினேன்யா!"

நீதிபதி பேனாவை மூடினார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் புவேசோவை ஒரு தடவை, டாக்டரை ஒரு தடவை பார்த்தார்.

"கதவைச் சாத்துங்க" என்று காவலரிடம் சொன்னார். "இவர் வெளிய போகக் கூடாது. அந்த அம்மாவுக்கு நாற்காலி போடுங்க. அந்தப் பையனையும் உக்கார வைங்க, எவ்வளவு நேரமா நிக்கறான்."

யோவானிக்கு ஒன்றும் புரியவில்லை. கைவிலங்கோடு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து அக்காவைப் பார்த்தான்.

"அக்கா, யாரு இது?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற நோல்வியா தம்பியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அந்த அறையே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓவென்று அழுதாள்.